காப்பிக்குச் சொந்த ஊர் எது?

திருவனந்தபுரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களை இன்று கண்ணால் கண்டு பிரித்தறிவது எளிதன்று. உடை ஒன்றாகிவிட்டது, வீடுகளும் ஒன்றுபோலவே எழும்புகின்றன, வீதியில் இறங்கியவுடன் நம் நாவில் வருவதும் பெரும்பாலும் மலையாளமே. ஆயினும், விடியற்காலையில் கரமனை, வலியசாலை, கோட்டை ஆகிய பகுதிகளின் பழைய தெருக்களில் நடந்து செல்வோர், எவ்வீட்டில் தமிழ் வழங்குகிறது என்பதை மூக்கின் துணைகொண்டே ஓரளவு சொல்லிவிடலாம். சாயா கொடிகட்டி ஆளும் இந்நகரத்தில், பில்டரில் சொட்டுச் சொட்டாக இறங்கும் டிகாக்ஷனின் மணமே நம் வீடுகளின் பெயர்ப்பலகையாக விளங்குகிறது.

மலையாளிகளுக்கும் காப்பி புதியதன்று. காலைச் சிற்றுண்டி உண்பதையே 'காப்பிகுடி' என்று சொல்லுபவர்கள் அவர்கள். சுக்குக் காப்பியும் கட்டன் காப்பியும் அவர்கள் இல்லங்களில் என்றும் உள்ளவையே. ஆயினும் 'நம் காப்பி' என்று நாம் சொல்லும்பொழுது, பாலும் டிகாக்ஷனும் கலந்து, நுரை பொங்க ஆற்றி, டவராவும் தம்ளருமாக வரும் ஒன்றையே எண்ணுகிறோம். இந்த 'நம்' என்னும் சொல்லுக்கு எவ்வளவு உரிமை உண்டு என்று அண்மையில் எங்கள் இல்லத்தில் ஒரு விவாதம் எழுந்தது. அது காப்பியோடு நிற்கவில்லை. வேறோர் ஊரில் வேரூன்றிய குடும்பங்கள் யாவும் என்றேனும் விடை சொல்லவேண்டிய கேள்வியில் சென்று முடிந்தது. ஆதலின் அதனை இங்கே எழுதுகிறோம்.

இந்நாளில் காப்பி வணிகத்தில் ஒரு புதுவழக்கு பரவியிருக்கிறது. ஒரே நாட்டில், ஒரே மலைச்சரிவில், சிலவேளை ஒரே தோட்டத்தில் விளைந்து, பிறவூர்க் கொட்டை சிறிதும் கலவாத காப்பியைத் தனியே பொதிந்து, அவ்வூரின் பெயரையும் உயரத்தையும் பொதியின்மேல் அச்சிட்டு விற்கின்றனர். 'சிங்கிள் ஒரிஜின்' என்று அதனை அழைக்கின்றனர். நாம் ஓரூர்க் காப்பி என்று சொல்லுவோம். டான்சானியா நாட்டில் வேலை பார்க்கும் உறவினர் ஒருவர் விடுமுறைக்கு வந்தபோது, கிளிமஞ்சாரோ மலைச்சரிவில் விளைந்த பீபெரிக் கொட்டை கால் கிலோவை எங்கள் இல்லத்திற்குக் கொண்டுவந்தார்.

பீபெரி என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் இல்லத்தரசியின் முகம் மலர்ந்தது. பீபெரியும் பிளான்டேஷன் ஏ-யும் சரிபாதி, சிக்கரி இவ்வளவு என்று சாலைக் கடைத்தெருவில் கணக்குச் சொல்லி அரைத்து வாங்குவது நம் குடும்பங்களில் மூன்று தலைமுறையாக வந்த வழக்கமன்றோ! ஆகவே ஆப்பிரிக்கக் கொட்டையும் நம் வழக்கப்படியே அரைபட்டு, பில்டரில் ஏறி, பாலோடு கலந்து வந்தது. ஒரு வாய் அருந்திய பாட்டியார், "இதில் யாரோ எலுமிச்சம்பழம் பிழிந்துவிட்டார்களே!" என்று தம்ளரைக் கீழே வைத்தார். பத்து வயதுப் பேத்தியோ பொதியின்மேல் இருந்த எழுத்துகளைக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். "தாத்தா, இந்தக் காப்பிக்கு ஊர் எழுதியிருக்கிறது. நாம் தினமும் குடிக்கிற காப்பிக்கு ஊர் எது?" என்று கேட்டாள்.

கேள்வி சிறியது. விடை சொல்லப் புகுந்தபோதுதான் அது எவ்வளவு நீளமானது என்பது விளங்கிற்று.

முதலில் பீபெரி என்பது யாது என்று பார்ப்போம். அஃது ஊரின் பெயருமன்று, மரத்தின் சாதியுமன்று. காப்பிப் பழத்தினுள் வழக்கமாக இரண்டு விதைகள் முகத்தோடு முகம் பொருந்தியிருக்கும். அதனால்தான் சாதாரணக் காப்பிக்கொட்டையின் ஒரு பக்கம் தட்டையாக இருக்கிறது. சிற்சில பழங்களில் ஒரு விதை சூல்கொள்ளாமலோ இடையில் கருகியோ போய்விட, எஞ்சிய ஒன்று பழம் முழுவதும் பரவி உருண்டையாக வளரும். அவ்வொற்றை விதையே பீபெரி. எந்நாட்டுக் காப்பி மரத்திலும், எவ்வகைக் காப்பியிலும் இஃது உண்டு. விளைச்சலில் ஏறத்தாழ 100-க்கு 5 முதல் 10 வரை இவ்வாறு அமைவது இயல்பு. பட்டாணிபோல் உருண்டிருப்பதால் ஆங்கிலத்தில் அப்பெயர் வந்தது. ஸ்பானிய மொழியினர் அதனைச் 'சிறு நத்தை' என்று பொருள்படும் சொல்லால் அழைக்கின்றனர்.

இரண்டு விதைக்குரிய சாரமெல்லாம் ஒன்றிலேயே திரண்டுவிடுவதால் பீபெரிக்குச் சுவை மிகுதி என்று கடைக்காரர்கள் சொல்லுவதுண்டு. அதனை அப்படியே ஏற்கவேண்டுவதில்லை. பீபெரிக்கு உண்மையாகவே உள்ள சிறப்புகள் இரண்டு. உருண்டையாதலின் வறுக்கும் உருளையில் நன்றாகப் புரண்டு, எல்லாப் பக்கமும் ஒத்த சூட்டில் வறுபடும். மேலும், நீண்ட துளையுள்ள சல்லடையிட்டுச் சலித்துத் தனியே பொறுக்கியெடுக்கப்படுவதால், பழுதுள்ள கொட்டைகள் குறைந்து, அளவில் ஒருசீராக இருக்கும். ஆகவே பீபெரியின் புகழில் பாதி பிறவியால் வந்தது. மறுபாதி பொறுக்கிய கைகளால் வந்தது.

இனி அந்த எலுமிச்சைப் புளிப்புக்கு வருவோம். கென்யாவிலும் டான்சானியாவின் வடபகுதியிலும் காப்பி விளையும் சரிவுகள் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,200 முதல் 2,000 மீட்டர் வரை உயர்ந்தவை. எரிமலை மண், பகலில் வெயில், இரவில் குளிர். அத்தகைய இடத்தில் பழம் விரைந்து பழுப்பதில்லை. மெல்லப் பழுக்கும் பழத்தின் விதையில் இனிப்பும் புளிப்பும் செறிந்து தங்குகின்றன. பறித்த பழத்தின் தோலை நீக்கி, வழுவழுப்பான சதை கழலும்வரை ஊறவைத்து, நீரில் பலமுறை அலசி உலர்த்துவது அந்நாட்டு முறை. இவையெல்லாம் சேர்ந்தே அந்தத் துலக்கமான புளிப்பை உண்டாக்குகின்றன. அங்குள்ளோர் அதனைக் குறையாகக் கருதுவதில்லை. விலையை உயர்த்தும் குணமாகவே கருதுகின்றனர்.

மறுநாள் உறவினர் சொன்ன முறைப்படி, கொட்டையைச் சற்றுப் பருமனாக அரைத்து, சிக்கரி இன்றி, பாலின்றி, இளந்தெளிவாக வடித்துக் குடித்தோம். முதல் நாள் நம்மை விரட்டிய புளிப்பு இப்போது வேறு முகம் காட்டிற்று. முதலில் நாரத்தைத் தோலின் மணம். நடுவில் நன்கு கனிந்த நாவற்பழத்தின் துவர்ப்பு கலந்த இனிப்பு. இறுதியில் கருப்பட்டியின் நினைவு. ஆறியபின் அருந்தினால் கட்டன் சாயாவை ஒத்த தெளிவு. பாட்டியாரும் ஒரு கிண்ணம் அருந்தினார். "நன்றாகத்தான் இருக்கிறது; ஆனால் இதைக் காப்பி என்று சொல்லாதீர்கள், வேறு பெயர் வையுங்கள்" என்று தீர்ப்பு வழங்கினார். பாலோடு கூடி வாழ்வதற்கென்றே வறுத்த நம் காப்பியையும், தனித்து நின்று பேசும் இந்தக் காப்பியையும் ஒரே தராசில் நிறுத்தல் முறையன்று என்பதே அதன் கருத்து.

இத்துணைத் தனித்தன்மை உடைய கிளிமஞ்சாரோக் காப்பிக்கு அம்மலைதான் பிறந்த ஊரோ என்று பார்த்தால், அதுவுமில்லை. அராபிகாக் காப்பி இயற்கையாகத் தோன்றியது எத்தியோப்பியாவின் தென்மேற்குக் காடுகளில். அந்நாட்டவர் காப்பியைப் 'புன்னா' என்கின்றனர். விருந்தினர் கண்ணெதிரே பச்சைக் கொட்டையை வறுத்து, இடித்து, 'ஜெபெனா' என்னும் மண்குடத்தில் காய்ச்சி, மும்முறை ஊற்றிக் கொடுப்பது அங்கே இன்றும் நிலவும் விருந்தோம்பல். அங்கிருந்து செங்கடலைத் தாண்டி ஏமன் நாட்டுக்குச் சென்ற காப்பி, 'மோக்கா' என்னும் துறைமுகத்தின் பெயரைத் தாங்கி உலகெங்கும் பரவிற்று.

கென்யா, எத்தியோப்பியாவின் எல்லையை ஒட்டிய நாடு. ஆயினும் அந்நாட்டுத் தோட்டங்களுக்குக் காப்பி வந்த வழி, தலையைச் சுற்றி மூக்கைத் தொட்ட கதையாகவே இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏமனிலிருந்து பிரெஞ்சுக்காரர் இந்துமாக்கடலில் உள்ள பூர்போன் தீவுக்குக் காப்பிச் செடியைக் கொண்டுசென்றனர். அத்தீவு இன்று ரெயூனியன் எனப்படுகிறது. அத்தீவின் வழியாகக் கத்தோலிக்கத் துறவிகள் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலுள்ள பகமோயோவிற்குக் கொணர்ந்தனர். 1893-இல் கென்யாவிலும், அந்நூற்றாண்டு முடிவதற்குள் கிளிமஞ்சாரோச் சரிவிலும் அது வேர்விட்டது. அடுத்த வீட்டுக்குப் போக இரு கடலும் ஒரு தீவும் 200 ஆண்டுகளும் தேவைப்பட்டன!

அதே ஆப்பிரிக்காவில் விக்டோரியா ஏரியின் மேற்குக் கரையில், ஐரோப்பியர் வருமுன்னரே வேறொரு வகைக் காப்பி வழக்கில் இருந்தது. புகோபாப் பகுதியின் ஹாயா மக்கள் ரோபஸ்டாப் பழத்தை வேகவைத்து உலர்த்தி, நாம் வெற்றிலைபாக்கு வழங்குவதுபோல விருந்தினர்க்கு மெல்லக் கொடுத்தனர். உடன்பிறவா இருவர் சகோதரராக உறவு பூணுங்கால், ஒரே பழத்தின் இரு விதைகளைத் தத்தம் குருதியில் தோய்த்து மாற்றி உண்ணும் சடங்கும் அங்கே இருந்தது. ஒரு பழத்தில் ஒட்டியிருந்த இரு விதைகள் உறவுக்குச் சான்றாயின. அச்சடங்கிற்கு நம் பீபெரி உதவாது. அது துணையின்றிப் பிறந்த பிள்ளை.

நம் நாட்டுக் கதையையும் காண்போம். ஏறத்தாழ 1670-இல் மக்கா யாத்திரை முடித்துத் திரும்பிய பாபா புதன் என்னும் பெரியவர், ஏமனிலிருந்து ஏழு விதைகளை மறைத்துக் கொண்டுவந்து சிக்கமகளூரை அடுத்த மலையில் விதைத்தார் என்பது வழிவழி வரும் கதை. அம்மலை இன்றும் அவர் பெயரால் பாபாபுதன்கிரி என வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், தென்னாட்டுக் காப்பிக்கு மூதாதை ஏமன். ஏமனுக்கு மூதாதை எத்தியோப்பியா.

போனது திரும்பியும் வந்தது. இலங்கையின் காப்பித் தோட்டங்களில் 1869-இல் இலைத்துரு என்னும் நோய் காணப்பட்டது. இலையின் அடியில் ஆரஞ்சு நிறப் பொடி படிந்து, இலை உதிர்ந்து, மரம் வெறுங்கொம்பாகும் நோய் அது. சில ஆண்டுகளில் தென்னிந்தியாவிலும் பரவிற்று. நோயால் நொந்த மைசூர்த் தோட்டங்களுள் ஒன்றில், 1911-இல் கென்ட் என்னும் தோட்டக்காரர் ஓரளவு நோய் தாங்கி நின்ற மரமொன்றைக் கண்டு அதன் விதையைப் பெருக்கினார். கென்ட் என்றே பெயர்பெற்ற அவ்வகை, 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குச் சென்று, டான்சானியத் தோட்டங்களில் நடப்பட்ட சிலவகைகளுக்குத் தாயாயிற்று. ஆப்பிரிக்காவில் பிறந்து, அரபு நாட்டில் வளர்ந்து, கன்னட நாட்டில் குடியேறிய குடும்பம், பல தலைமுறைக்குப்பின் பாட்டன் கண்டத்திற்கே மணமகளை அனுப்பிய கதை இது! கிளிமஞ்சாரோ என்று எழுதிய பொதியினுள்ளே மைசூரின் பங்கும் சிறிது இருத்தல் கூடும்.

இவ்வளவு கேட்ட பேத்தி, "அப்படியானால் நம் காப்பிப் பொட்டலத்தில் மட்டும் ஏன் ஊர் எழுதுவதில்லை?" என்றாள். அதற்கும் ஒரு வரலாறு உண்டு. இரண்டாம் உலகப்போரினால் ஏற்றுமதி முடங்கிய காலத்தில், 1942-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த காப்பி வாரியம், தோட்டக்காரர் அனைவருடைய விளைவையும் ஒரே பொதுத் தொகுப்பில் வாங்கி விற்கத் தொடங்கிற்று. கூர்க்கு, சிக்கமகளூர், ஏற்காடு, பழனிமலை, நெல்லியாம்பதி என்று எங்கே விளைந்தாலும், தொகுப்பில் சேர்ந்தபின் ஊர்ப்பெயர் கழன்றுவிடும். தரத்தின் பெயரே நிற்கும். பிளான்டேஷன் ஏ, பீபெரி ஆகிய சொற்கள் நம் அம்மாமார்களின் நாவில் ஏறியது அவ்வாறே. 1990-களில் இக்கட்டு படிப்படியாகத் தளர்ந்து, 1996-இல் தோட்டக்காரர் அனைவரும் தம் விளைவு முழுவதையும் தாமே விற்கும் உரிமை பெற்றனர். அதன்பின்னரே நம் நாட்டிலும் தோட்டத்தின் பெயரோடு காப்பி விற்பது வழக்கமாயிற்று. 2019-இல் பாபாபுதன்கிரி அராபிகா, கூர்க்கு அராபிகா, வயநாட்டு ரோபஸ்டா முதலியவற்றுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஆகவே ஊர்ப்பெயர் எழுதுவதில் நன்மை இல்லாமலில்லை. எவ்வூர், எவ்வுயரம், எவ்வாறு பதப்படுத்தியது என்று வெளிப்படையாக எழுதினால் விளைவித்தவருக்கு மதிப்பும், வாங்குவோருக்குத் தெளிவும் உண்டாகின்றன. ஆயினும் ஊர்ப்பெயர் முழு உண்மையையும் சொல்லிவிடுவதில்லை என்பதையும் நினைவில் வைத்தல் வேண்டும். கென்யா என்ற பெயர் தாங்கிய காப்பி லண்டன் சந்தையில் புகழ்பெற்ற காலத்தில், அந்நாட்டு ஆப்பிரிக்கக் குடியானவர்கள் அதனைத் தம் நிலத்தில் பயிரிடுவதற்கு 1930-களின் இடைப்பகுதிவரை ஆங்கில அரசு இடந்தரவில்லை. கிகூயு மக்களின் நிலங்களில் 1950-களிலேதான் அவ்வுரிமை பரவலாயிற்று. கிளிமஞ்சாரோவின் சக்கா மக்கள் நிலைமை சற்று மேலானது. வாழை நிழலில் காப்பி வளர்த்த அச்சிறு குடியானவர்கள் 1933-இலேயே தமக்கென ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்துக்கொண்டனர்.

கூட்டுறவு என்றதும் நம் நகரமே நினைவுக்கு வருகிறது. காப்பி வாரியம் தான் நடத்திய காப்பி விடுதிகளை 1950-களில் மூடியபோது, வேலையிழந்த தொழிலாளர்கள் ஏ. கே. கோபாலனின் வழிகாட்டுதலில் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து விடுதிகளைத் தாமே ஏற்றனர். கேரளத்தில் 1958-இல் திருச்சூரில் முதல் விடுதி திறந்தது. தம்பானூரில் லாரி பேக்கர் செங்கல்லால் சுழற்படிபோல் எழுப்பிய இந்தியன் காப்பி ஹவுசில், சரிந்து ஏறும் தரையில் அமர்ந்து காப்பி அருந்தாத திருவனந்தபுரத்துக்காரர் அரியர். வழங்கும் கைகளே உரிமையும் பெற்ற இடம் அது.

எல்லாக் கைகளுக்கும் அந்நற்பேறு வாய்க்கவில்லை. இலங்கை மலைநாட்டில் 19-ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் காப்பி செழித்தபோது, பழம் பறித்த கைகள் பெரும்பாலும் தமிழர் கைகளே. நெல்லை, மதுரை, திருச்சி, தஞ்சை, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தவர்கள் அவர்கள். வழியிலேயே பசியாலும் வாந்திபேதியாலும் மாண்டவர் பலர். 'சிலோன் காப்பி' என்ற ஊர்ப்பெயரில் அவர்களுக்கு இடமில்லை. இலைத்துரு காப்பியை அழித்தது. தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. தமிழர் அதே மலையில் கொழுந்து பறித்தனர். நூறாண்டு உழைத்தபின், 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் அவர்களுள் மிகப் பெரும்பாலோர் எந்நாட்டவரும் அல்லர் என்றாயிற்று. 1964-இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் ஏற்பட்டபின் கப்பலேறித் திரும்பியவர்களுள் ஒரு பகுதியினர் நம் அண்டையிலேயே குடியமர்த்தப்பட்டனர். கொல்லம் மாவட்டத்துப் புனலூரில் 1976-இல் நிறுவப்பெற்ற மறுவாழ்வுத் தோட்ட நிறுவனத்தின் ரப்பர்த் தோட்டங்கள் அவர்களுக்காகவே எழுந்தவை. அவர்களிடம் சென்று "உங்கள் சொந்த ஊர் எது?" என்று கேட்டால், ஒற்றைச் சொல்லில் எவ்வாறு விடை சொல்லுவர்?

நம் திருவிதாங்கூர் மலைகளிலும் காப்பிக்கு ஒரு காலம் இருந்தது. 1860-களில் தெற்கே அசம்பு மலையிலும் வடக்கே பீர்மேட்டிலும் காப்பித் தோட்டங்கள் தோன்றின. அதே இலைநோய் வந்து அவற்றைச் சாய்த்தபின் தேயிலை முதலியன அவ்விடங்களை அடைந்தன. இன்று கேரளக் காப்பியென்றால் பெரும்பாலும் வயநாட்டு ரோபஸ்டாவே.

'கலப்பில்லாத' என்னும் சொல்லைக் குறித்தும் ஒன்று கூறவேண்டும். ஓரூர்க் காப்பி அருந்துவோர் அராபிகாவை உயர்குலமாகவும் ரோபஸ்டாவைத் தாழ்வாகவும் பேசுவதுண்டு. அறிவியலார் ஆராய்ந்து கண்டதோ வேறு. அராபிகாவே, ரோபஸ்டாவின் இனமும் யூஜினியாய்டஸ் என்னும் மற்றோர் இனமும் காட்டில் தாமாகக் கலந்ததால் தோன்றியதாம். மற்ற இனங்களுக்கு 22 நிறமூர்த்தங்கள், அராபிகாவுக்கு 44. இருவர் சொத்தையும் சுமந்து நிற்கும் பிள்ளை அது! பாலஹொன்னூர் ஆராய்ச்சி நிலையத்தார் 1940-களில் வெளியிட்ட எஸ். 795 என்னும் வகையும் இத்தகையதே. லைபீரிகா என்னும் ஆப்பிரிக்க இனத்தின் கலப்புள்ள வகையைக் கென்டோடு சேர்த்து உண்டாக்கியது அது. தென்னிந்திய அராபிகாத் தோட்டங்களில் மிகப் பரவலாக வளர்வதும் அதுவே. கலப்பில்லாத காப்பி என்று நாம் தேடிச் சென்றால், மரத்தின் வேரிலேயே கலப்பு நிற்கிறது.

வழிப்பயணமும் சுவையை மாற்றவல்லது. பாய்மரக் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றி மாதக்கணக்கில் சென்ற காலத்தில், மலபார்க் கரையிலிருந்து சென்ற கொட்டைகள் கடலின் ஈரக்காற்றில் ஊதி, வெளுத்து, புளிப்பு நீங்கி ஐரோப்பாவை அடைந்தன. அச்சுவைக்கே அங்குள்ளோர் பழகிவிட்டனர். 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்து, நீராவிக் கப்பல்கள் விரைவாகச் சென்று சேர்த்தபோது, 'பழைய சுவை எங்கே?' என்று கேட்டனராம். அதனால் இன்றும் மேல்கரையின் கிடங்குகளில் தென்மேற்குப் பருவக்காற்றுக்குக் கொட்டையைப் பரப்பிவைத்து, அப்பயணத்தின் விளைவை நிலத்திலேயே உண்டாக்குகின்றனர். 'மான்சூண்ட் மலபார்' என்பது அதன் பெயர். பிறந்த மண்ணின் சுவையன்று, கடந்த வழியின் சுவையே அதற்கு மதிப்பைத் தந்தது.

இத்தனையும் பேசியபின், பேத்தியின் கேள்விக்கு விடை சொல்ல முயன்றோம். நாம் நாள்தோறும் அருந்தும் காப்பிக்கு ஓர் ஊர் இல்லை. பல ஊர்கள் உண்டு. பீபெரி கூர்க்கிலிருந்தோ சிக்கமகளூரிலிருந்தோ வருகிறது. சில கடைகளில் திண்மைக்காக வயநாட்டு ரோபஸ்டாவும் சேர்கிறது. சிக்கரி குஜராத்திலோ உத்தரப் பிரதேசத்திலோ விளைகிறது. பால் கேரளத்தின் பால். தண்ணீர் கரமனை ஆற்றுத் தண்ணீர். இவ்வளவும் எந்த அளவில் சேரவேண்டும், டிகாக்ஷன் எவ்வளவு நேரம் இறங்கவேண்டும், பால் எத்தனை முறை பொங்கவேண்டும் என்று அறிந்த கை மட்டும் நம் பாட்டியாரின் கை. அந்தக் கை கற்றது அவர் பிறந்த அம்பாசமுத்திரத்தில். ஆகவே நம் காப்பியைத் தமிழ்க் காப்பியாக்குவது கொட்டையன்று. அதைச் செய்யும் முறை.

இது வெறும் சமாதானமன்று. கவலையும் இதனுள் இருக்கிறது. பள்ளியில் விண்ணப்பம் எழுதும்போது 'தாய்மொழி' என்ற இடத்திலும், உறவினர் வீட்டுத் திருமணத்தில் 'எந்த ஊர்?' என்று கேட்கப்படும்போதும், நம் பிள்ளைகள் ஒரு கணம் தயங்குவதை நாம் எல்லாரும் கண்டிருக்கிறோம். பாட்டன் ஊருக்குப் போனால் "மலையாளத்துப் பிள்ளைகள்" என்கின்றனர். இங்கே "பாண்டிக்காரர்" என்கின்றனர். ஓரூர்க் காப்பிபோல் தமக்கும் ஒரே பெயர் எழுதிய பொதி வேண்டுமென்று அப்பிள்ளைகள் ஏங்குதல் இயல்பே. அவர்களிடம் 'நாம் தூய தமிழர்' என்று மார்தட்டுவதும் பயனில்லை. 'எல்லாம் ஒன்றுதான்' என்று கைவிடுவதும் நன்றன்று. கொட்டை எவ்வூரினது ஆயினும் முறை தெரிந்தால் நம் காப்பி கிடைத்துவிடும். முறை மறந்துபோனால், அம்பாசமுத்திரத்திலேயே குடியிருந்தாலும் கிடைக்காது. மொழியும் அவ்வாறே. வீட்டில் பேசி, படித்து, எழுதிக் கைப்பழக்கமாகக் கொடுத்தாலன்றி, ஊரின் பெயர் மட்டும் அதனைக் காப்பாற்றாது.

பேத்தி இதனை ஒப்புக்கொண்டாளோ என்றால், முழுவதும் இல்லை. "நான் பிறந்தது இங்கேதானே? என் ஊர் திருவனந்தபுரம். காப்பி மட்டும் பாட்டி ஊர்" என்று தன் பங்குக்குப் பிரித்துக்கொண்டாள். அதில் நாம் மறுப்பதற்கு ஒன்றுமில்லை. கிளிமஞ்சாரோவில் விளைந்த காப்பி தன்னை எத்தியோப்பியாக் காப்பி என்று சொல்லிக்கொள்வதில்லை. விளைந்த மண்ணின் சுவையையே நாவிற்குத் தருகிறது. பிறந்து வளர்ந்த ஊரைத் தன் ஊர் என்று ஒரு குழந்தை சொல்லும்போது, அதைத் தமிழில் சொல்லுகிறாளா என்பதே நாம் கவனிக்கவேண்டியது.

சங்கத்து அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை காப்பித்தூள் வாங்கச் செல்லும்போது, பீபெரி எந்த மாவட்டத்தது, சிக்கரி 100-க்கு எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். காப்பி - சிக்கரிக் கலவையில் பாதிக்கு மேல், அதாவது 100-க்கு 51 பங்கேனும், காப்பி இருத்தல் வேண்டும் என்பது சட்டம். அளவைப் பொட்டலத்தின்மேல் எழுதவும் வேண்டும். வசதியுள்ளோர் ஏதேனும் ஓரூர்க் காப்பியை ஒருமுறை பாலின்றிச் சுவைத்துப் பாருங்கள். பாபாபுதன்கிரியினதே போதும், ஆப்பிரிக்கா வரை போகவேண்டுவதில்லை. பிறகு உங்கள் இல்லத்துப் பில்டரை அலசி, நம் வழக்கப்படி டிகாக்ஷன் இறக்குங்கள். அவ்வேளையில் பிள்ளைகளைப் பக்கத்தில் நிறுத்தி, தூளை அமுக்குவது எவ்வளவு, வெந்நீரை எப்போது ஊற்றுவது என்பதை அவர்கள் கையாலேயே செய்யவிட்டு, தமிழிலேயே சொல்லிக்கொடுங்கள். பாட்டியார் இருக்கும் வீடுகளில் அவர்களே ஆசிரியர். இந்தப் பாடம் இன்னும் எந்தப் பள்ளியிலும் தொடங்கவில்லை.